காலில் ஆறாத கறுப்புப் புள்ளி... போட்டோ அனுப்பினால் போதுமா? தோல் புற்றுநோய் சந்தேகத்தில் செல்போன் படம் எங்கே உதவும், எங்கே கைவிடும்?

உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. வலி இல்லை, அரிப்பு இல்லை. 'மீன் முள் குத்தியிருக்கும், இல்லன்னா கால் ஆணியா இருக்கும்' என்று விட்டாச்சு. நாலு மாசம் ஓடிப்போச்சு. புள்ளி இப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது.

கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரியான மீனவர் பகுதியில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஆஸ்பத்திரிக்குப் போகலையா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? 'இப்ப கடலுக்குப் போற நேரம். தடைக்காலம் வரட்டும், போய்க் காட்டிக்கலாம்.'

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அவர் புள்ளியை அக்டோபரில் கவனித்திருந்தால், தடைக்காலம் வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. சாதாரண மச்சம் என்றால் அந்த ஆறு மாதத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருந்தால், அந்த ஆறு மாதம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு நாள் வேலையை விடாமல், பஸ் ஏறாமல், அந்தப் புள்ளியை டாக்டர் கண்ணில் படவைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. கையில் இருக்கும் செல்போன்தான் அது. ஆனால் அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரியாமல் அனுப்பினால் ஆபத்தும் உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

'ட்ரையாஜ்' என்றால் என்ன?

அரசு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விபத்தில் அடிபட்டு மயக்கத்தில் வருபவர் சிவப்புக்குப் போவார். விரலில் வெட்டுக்காயத்தோடு வருபவர் பச்சைக்குப் போவார். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு அங்கே கிடையாது. யாரால் காத்திருக்க முடியாதோ அவருக்குத்தான் முதலிடம். இப்படித் தரம் பிரிப்பதைத்தான் மருத்துவத்தில் ட்ரையாஜ் என்கிறார்கள்.

தோல் நோயிலும் இதே கணக்குதான். தோல் டாக்டரைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது படை, தேமல், சொறி, முகப்பரு போன்றவை. அந்தக் கூட்டத்தில் புற்றுநோய் சந்தேகம் உள்ள ஒருவர் இருந்தால், அவரை முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்கு அவர் நேரில் வருவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டால் நல்லது இல்லையா? நோயாளி அனுப்பும் போட்டோவை வைத்து வரிசையை மாற்றுவதன் அடிப்படை இதுதான்.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இதைப் பெரிய அளவில் செய்கிறது. அங்கே புற்றுநோய் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்படும் ஒருவருக்கு, 28 நாட்களுக்குள் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. தோல் சந்தேகத்தோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அதனால் படத்தை முதலில் பார்த்து, யாரை உடனே வரச்சொல்ல வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

நம்ம ஊரிலும் படம் பார்த்துத் தரம் பிரித்த அனுபவம் உண்டு. கர்நாடகாவில் பயோகான் அறக்கட்டளையின் வாய்ப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில், களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் இருக்கும் வெள்ளைத் திட்டு, புண் போன்றவற்றை செல்போனில் படம் எடுத்தார்கள். தொலைவில் இருந்த நிபுணர்கள் அதைப் பார்த்து, யார் நேரில் வர வேண்டும் என்று சொன்னார்கள். இது பற்றிய ஆய்வு 2015-ல் மருத்துவ இதழிலும் வெளியானது. உறுப்பு வேறு, வழி ஒன்றுதான்.

'நம்ம கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது' - உண்மையா?

பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து ஓரளவு காக்கிறது. அதனால் ஆஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களோடு ஒப்பிட்டால் இந்தியாவில் தோல் புற்றுநோய் மிகக் குறைவு.

மீதிப் பாதிதான் சிக்கல். குறைவு என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படாததால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அதோடு, கறுப்பு, மாநிறத் தோலில் மெலனோமா வரும் இடமே வேறு. வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. இந்த வகைக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லியை நினைவிருக்கிறதா? 1977-ல் அவருடைய கால் கட்டைவிரல் நகத்தின் அடியில் இருந்தது கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றுதான் நினைத்தார்கள். அது மெலனோமா. 1981 மே 11-ல், 36 வயதில் இறந்துபோனார்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் என்ன வித்தியாசம்? அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, தோலைத் தாண்டிப் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்படும் மெலனோமாவில் 5 ஆண்டுகள் தாண்டி வாழ்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால், அந்த எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒருவராகக் குறைகிறது.

எங்கே, எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடி முன்னால் நின்று முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. நம் ஊரில் கவனிக்க வேண்டியவை இவைதான்:

1. உள்ளங்கால், உள்ளங்கை: புதிதாக வந்த, பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டு. ஓரம் சீராக இல்லாமல், ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. 'கால் ஆணி' என்று பிளேடால் சீவுவதும், பட்டை போட்டு மூடி வைப்பதும் வேண்டாம்.

2. நகம்: ஒரே ஒரு விரலில் மட்டும் கறுப்புக் கோடு, அது அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு பரவுவது.

3. பழைய தீக்காயத் தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்: இந்தப் புண்ணின் ஓரம் தடித்து, பூ மாதிரி வளர்ந்து, ரத்தம் கசிந்தால் அது ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோயாக மாறியிருக்கலாம். இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர்.

4. இடுப்பு: வேட்டி, புடவை, உள்பாவாடை நாடாவை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டும் இடத்தில் ஆறாத புண். அரிதுதான். ஆனால் இந்திய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

5. முகம்: மூக்கு, கண் ஓரத்தில் பளபளப்பாக, மெதுவாக வளரும் கறுப்பு மரு. பேசல் செல் வகைப் புற்றுநோய் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் தோலில் மச்சம் மாதிரி கறுப்பாகவே தெரியும்.

6. உதடு: வெயிலில் வேலை செய்பவர்களுக்கும், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் கீழ் உதட்டில் ஆறாத வெடிப்பு அல்லது புண்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். காலில் எது வந்தாலும் 'சர்க்கரைப் புண்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கான சிகிச்சையை ஒழுங்காக எடுத்தும் ஆறாத புண்ணை, வேறு ஏதாவது இருக்குமோ என்று ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

பொதுவான கணக்கு: நாலு வாரம் தாண்டியும் ஆறாத புண், மாறிக்கொண்டே இருக்கும் மச்சம், இரண்டையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

படத்தை வைத்து எவ்வளவு சரியாகச் சொல்ல முடியும்?

தொலைவிலிருந்து படம் பார்த்துத் தோல் புற்றுநோயைக் கண்டறிவது பற்றிய ஆய்வுகளை, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2018-ல் தொகுத்துப் பார்த்தது. நிபுணர்கள் படம் பார்த்துத் தரம் பிரித்தபோது, தவறவிட்ட புற்றுநோய்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்றும் அந்தத் தொகுப்பே சொல்கிறது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பெரும்பாலான ஆபத்துகளைப் படமே காட்டிக்கொடுத்துவிடுகிறது, நல்ல செய்தி. ஆனால் தவறவிடுவது பூஜ்ஜியம் இல்லை. அந்தச் சிலரில் ஒருவராக நீங்கள் இருந்தால், 'படம் பார்த்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க' என்ற நிம்மதியே எதிரியாகிவிடும்.

அதனால்தான் படம் செய்யக்கூடிய வேலையை ஒரே வரியில் இப்படிச் சொல்லலாம்: 'உடனே வாங்க' என்று சொல்லப் படம் போதும். 'வரவே வேண்டாம்' என்று சொல்லப் படம் போதாது.

புற்றுநோயா, இல்லையா என்ற கடைசி பதில், அந்த இடத்திலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியில்தான் கிடைக்கும். எந்த கேமராவும் அதற்கு மாற்று இல்லை.

படத்தில் தெரியாதது என்னென்ன?

தொட்டுப் பார்க்கும்போது தெரியும் கெட்டித்தன்மை படத்தில் வராது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருப்பது வராது. நீங்கள் படம் எடுக்காத முதுகில் இருக்கும் இன்னொரு மச்சமும் வராது. நேரில் போனால் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்ப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம் உணர்ச்சி. வெளிறிய ஒரு திட்டில் தொட்டால் உணர்வே இல்லை என்றால், அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். படத்தில் அது சாதாரணத் தேமல் மாதிரிதான் தெரியும். தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். அதனால் 'தொட்டா தெரியல' என்ற இரண்டு வார்த்தையைப் படத்தோடு எழுதி அனுப்புவது, படத்தைவிட முக்கியம்.

படம் எப்படி எடுப்பது?

மங்கலான படம் வந்தால் டாக்டரால் எதுவும் சொல்ல முடியாது. மீண்டும் கேட்பார், இரண்டு நாள் போய்விடும். இதைச் செய்யுங்கள்:

* பகல் வெளிச்சத்தில், நிழலில் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் தோல் பளபளத்து நிறம் மாறிவிடும்.
* கால் என்றால் முதலில் மண், மீன் செதில், எண்ணெய் போகக் கழுவித் துடையுங்கள். மஞ்சள், ஆயின்மென்ட் எதுவும் இருக்கக் கூடாது.
* நீங்களே எடுக்காதீர்கள். இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். கை ஆடாது.
* குறைந்தது மூன்று படம்: முழுக்காலும் தெரியும்படி ஒன்று, ஒரு சாண் தூரத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில்தான் மேடாக இருக்கிறதா என்பது தெரியும்.
* பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அல்லது ஸ்கேல் வையுங்கள். அளவு தெரியும். புண்ணின் மேல் படக் கூடாது.
* பியூட்டி மோடு, ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.
* வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஹெச்.டி. தரத்திலோ, டாக்குமென்ட் ஆகவோ அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கி விவரம் போய்விடும்.
* முகம் தேவையில்லாத இடத்தில் முகத்தை எடுக்காதீர்கள். அந்தரங்க உறுப்பு என்றால் படமே வேண்டாம், நேரில் காட்டுங்கள்.

படத்தோடு நாலு வரி எழுதுங்கள்: எத்தனை மாதமாக இருக்கிறது, பெரிதாகிறதா, ரத்தம் வருகிறதா, சர்க்கரை உண்டா, அங்கே முன்பு தீக்காயம் பட்டதா, என்ன மருந்து போட்டீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கிரீம் எதையாவது தடவியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் தோல் நோயின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

யாருக்கு அனுப்புவது? சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கென்று தனி ஆப் தேட வேண்டியதில்லை. 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற டாக்டர் வீடியோ, ஆடியோ, எழுத்து, படம் மூலம் ஆலோசனை தரலாம். வாட்ஸ்ஆப்பும் இதில் அடங்கும். 'இது போதாது, நேரில் வாங்க' என்று எந்த நேரத்திலும் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. ஆலோசனையை நிறுத்திக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு.

உங்கள் படத்தை டாக்டர் தவறாகப் பயன்படுத்துவது ஒழுங்கு மீறல் என்றும் அந்த நெறிமுறை சொல்கிறது. ஆனால் குடும்ப குரூப்பிலும் ஊர் குரூப்பிலும் படத்தைப் போட்டு 'இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டால், அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே வரும் 'எனக்கும் இருந்துச்சு, தானா போயிடுச்சு' என்ற பதில்தான் பெரிய ஆபத்து.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் செல்போன் எண்ணை வைத்துப் பதிவு செய்து, வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். படங்கள், ரிப்போர்ட்டுகளை இணைக்கலாம். நாடு முழுவதும் இதன் ஆலோசனைகள் 2023 பிப்ரவரியில் 10 கோடியைத் தாண்டின. அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் அங்கே முதலில் பேசுபவர் பொது மருத்துவராக இருக்கலாம். 'தோல் டாக்டருக்கு அனுப்புங்க' என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை.

செல்போன் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு? 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தர வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ காலைக் காட்டுங்கள். மாத்திரை வாங்கும் அந்த ரெண்டு நிமிஷத்தில் உள்ளங்காலையும் காட்டிவிடலாம்.

ஏஐ ஆப் சொல்வதை நம்பலாமா?

படம் எடுத்தால் 'ரிஸ்க் குறைவு' என்று உடனே சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் காக்ரேன் 2018-ல் ஆராய்ந்தது. மெலனோமாவைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் அப்போது கிடைத்த முடிவு. அதன் பிறகு தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது. ஆனால் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: இந்தக் கணினி நிரல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களை வைத்தே பழக்கப்பட்டவை. கறுப்புத் தோலில் அவற்றின் துல்லியம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்திய நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது. ஏஐ டாக்டருக்கு உதவலாம். நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ ஏஐக்கு அனுமதி இல்லை.

'உடனே வாங்க' என்று பதில் வந்தால்?

தேவனாம்பட்டினம் கடலூர் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. அடுத்தது சிதம்பரத்தில் உள்ள கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்பட்டது. வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர், அங்கே புற்றுநோய்க்குத் தனி மையமே இருக்கிறது. எங்கே போனாலும், டாக்டருக்கு அனுப்பிய படம், வந்த பதில், தேதி மூன்றையும் போனில் காட்டுங்கள். 'மூணு வாரத்துக்கு முன்னாடி இப்படி இருந்துச்சு' என்று காட்ட முடிந்தால், வளர்ச்சியின் வேகம் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

செலவு பற்றிய பயம் இருந்தால்: ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். புற்றுநோய் சிகிச்சைகளும் இதில் உண்டு. அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

பதிலே வராவிட்டால்?

அனுப்பிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்காதீர்கள். பதில் வராதது 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம் ஆகாது. 'படம் தெளிவில்லை' என்று பதில் வந்தாலும் அப்படித்தான். ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். 'ஒன்றுமில்லை' என்றே பதில் வந்திருந்தாலும், மாதம் ஒருமுறை அதே இடத்தை, அதே நாணயம் வைத்துப் படம் எடுங்கள். மாறியிருந்தால் மீண்டும் காட்டுங்கள்.

ரத்தம் கசிகிறது, சில வாரங்களிலேயே வேகமாக வளர்கிறது, நெறி கட்டியிருக்கிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் படம் அனுப்பிக் காத்திருக்கவே வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிதான்.

மீண்டும் அந்த உள்ளங்கால் புள்ளிக்கே வருவோம். அது வெறும் மச்சமாகவே இருக்கலாம், அதற்கான வாய்ப்புதான் அதிகம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆப்போ இல்லை. கரைக்கு வந்ததும் காலைக் கழுவி, பிள்ளையிடம் போனைக் கொடுத்து மூன்று படம் எடுக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகும். தடைக்காலம் வரை காத்திருக்கலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவருக்கு அந்தப் படம் போய்ச் சேரட்டும்.

இன்றைக்குக் குளிக்கும்போது உங்கள் உள்ளங்காலையும், வீட்டில் உள்ள பெரியவர்களின் உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.